பாக்கெட் வைத்த திரை

தையல் கம்பெனியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். ‘பாக்கெட்டு’ என்றால்தான் திரும்புவாள். பதினேழு வருடமாகச் சட்டைகளுக்கு இடது மார்புப் பை மட்டுமே தைக்கிறாள். காலருக்கு ஒருத்தி, கைக்கு ஒருத்தி, காஜாவுக்கு ஒருத்தி என்று அங்கே ஆளுக்கொரு வேலை. முழுச் சட்டையைத் தைக்கச் சொன்னால் திருதிருவென்று விழிப்பாள்.

நாத்தனார் முட்டி ஆபரேஷன் முடிந்து இவர்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளைகுட்டி இல்லாதவள், தம்பியை விட்டால் வேறு நாதியில்லை. இரண்டு மாதத்துக்குக் குந்தி உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சொன்ன பயிற்சியெல்லாம் செய்தாள், மாத்திரையும் விழுங்கினாள். முட்டியோ நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டே போனது. “நான் எங்க வீட்டுக்கே போறேன்” என்று மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். அங்கே விழுந்து கிடந்தால் தூக்கிவிட ஆளில்லை.

விடுமுறையன்று விஷயம் வெளியே வந்தது. குளியலறையில் தண்ணீர் சத்தம் கேட்கிறது, விளக்கு எரியவில்லை.

“அண்ணி, கரண்டு இருக்கே, லைட்டப் போட்டுக்க வேண்டியதுதானே?”

“வேணாம்மா.”

“நாற்காலில உட்கார்ந்துதானே குளிக்கிறீங்க?”

நாத்தனார் வெளியே வந்ததும் விடாப்பிடியாகக் கேட்டதில் கொட்டிவிட்டாள். ஜன்னல் கண்ணாடி உடைந்து கிடக்கிறது. எதிர்க் கட்டடத்து மாடிப்படி நேரே தெரிகிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் தலையும் தோளும் படியில் போகிறவர் கண்ணில் படும். அதனால் ஜன்னலுக்குக் கீழே, இருட்டில், குந்தியபடியே குளிக்கிறாள்.

“இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன அண்ணி?”

“வந்த எடத்துல அது சரியில்ல, இது சரியில்லன்னு சொல்லிட்டிருப்பாங்களா?”

பாக்கெட் தலையில் அடித்துக்கொண்டாள். விடியுமுன் குளித்துவிட்டு ஓடுகிறவளுக்கு அந்தப் படிக்கட்டு உறைத்ததே இல்லை. புருஷனோ கூச்சம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். வீட்டு ஓனரிடம் கண்ணாடி கேட்டால் ஒரு மாதமாக ‘நாளைக்கு’ என்கிறார்.

அன்றே இரண்டு மீட்டர் கெட்டிப் பருத்தித் துணி வாங்கி, பக்கத்து வீட்டு மெஷினில் உட்கார்ந்தாள். மேலே ஸ்பிரிங் கம்பி நுழைய மடித்தாள், கீழே இரண்டு விரல் மடித்தாள். திரை ஜன்னலின் அடிக்கட்டையைத் தொட்டு நின்றது. முதன்முதலாக ஒரு பொருளை ஆரம்பம் முதல் முடிவு வரை தானே தைத்திருக்கிறாள்! பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். நாத்தனார் மூட்டையை அவிழ்த்தாள்.

அடுத்த வாரம் துவைத்து மாட்டினால், திரை நான்கு விரல் மேலே ஏறி நின்றது. கம்பெனிக்கு வரும் துணி வேறெங்கோ நனைத்துச் சுருக்கித்தான் வரும். கடைத் துணியை நனைக்காமல் தைக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. போதாததற்குத் திரை காற்றில் வேறு பறந்தது. குளியலறை மறுபடி இருட்டானது.

“பதினேழு வருஷமா மெஷின்ல உட்கார்ந்து என்னத்தக் கிழிச்சேன்?” அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மிச்சத் துணியை வாளியில் ஊறப்போட்டாள். காய்ந்ததும் அகலமான பட்டி ஒன்றைத் திரையின் அடியில் சேர்த்துத் தைத்தாள். பட்டியின்மேல் வரிசையாக நான்கு பாக்கெட். அதற்கு அளவு நாடாகூடத் தேவைப்படவில்லை. கை தானாக ஓடியது.

“அப்படியே ஒரு பேனாவையும் குத்தி வெச்சிடு” என்று புருஷன் சிரித்தான்.

நாத்தனார் சிரிக்கவில்லை. சீப்பு, பிரிக்காத சோப்பு, குதிகால் தேய்க்கும் கல் என்று ஒவ்வொன்றாகப் பைகளில் போட்டாள். அந்தக் கனத்தில் திரை இம்மியும் அசையவில்லை.

மறுநாள் மாலை பாக்கெட் வேலை முடிந்து வந்தபோது, புருஷன் தோளில் துண்டோடு குளியலறை வாசலில் காவல் நின்றான்.

“அக்கா உள்ள போய் முக்கால் மணி நேரமாச்சு. நீயாவது கதவத் தட்டேன்.”

கதவுக்கு அடியில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது.

“தட்டினீங்கன்னா கைய ஒடிப்பேன்” என்றாள். “அண்ணி நிதானமா குளிக்கட்டும்.”