பார்த்துவிட்டு ஏசிய டீச்சர்

டீச்சர் முதன்முதலாகத் தொட்டபோது அந்தக் கறுப்பு ஜாய்ஸ்டிக்கில் சாக்பீஸ் தூள் ஒட்டிக்கொண்டது. வளைகுடாவிலிருந்து திரும்பும்போது துணிகளுக்கு நடுவே பொதிந்து, பச்சைப் பிள்ளையைப் போல நான் கொண்டுவந்த சாமான் அது. முறுக்கு தின்ற கையோடு எந்தப் பையனாவது அதைத் தொட்டால் அன்றைக்கு அவனுக்கு என்னிடம் பூசை உண்டு. ஆனால் டீச்சரைத் தொட விட்டுவிட்டேன். சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடித்து நேராக வந்திருந்தார். ஸ்கூட்டரை என் கேம் கடைக்கு நேர் எதிரே, தெருவே பார்க்கும்படி நிறுத்தினார். உள்ளே இருந்த பையன்கள் கொல்லை வாசல் வழியாகச் சிதறி ஓடினார்கள். ஓடியவர்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அண்ணாச்சி, பிள்ளையளுக்க அம்மமாரு எல்லாம் என்கிட்ட வந்து அழுதாங்க. இங்க என்ன நடக்குன்னு பாக்க வந்தேன். பாத்துட்டு ஏசுதேன்” என்றார். பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏச்சு வாங்கித் தழும்பேறிய ஆள் நான். பதிலுக்குச் சொல்ல நாலைந்து வசனம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. அன்று மத்தியானம் வரை அவர் விளையாடிக்கொண்டே இருந்தார். போகும்போது மற்றவர்களைப் போலவே மணிக்கணக்குப்படி காசு கொடுத்தார்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு வாக்கில் பூதப்பாண்டியில் மூன்று டிவியும் மூன்று கேம் பெட்டியுமாக நான் கடை போட்டபோது, கள்ளுக்கடை திறந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கெட்ட பெயர் வந்திருக்காது. ஊரில் எந்த வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தோற்றாலும் காரணம் நான். கண்ணாடி போட்டால் நான். ராத்திரி தூக்கத்தில் பேசினால் அதுவும் நான். இவ்வளவும் சொன்னவர்களில் ஒருவர்கூடக் கடைக்குள் கால் வைத்ததில்லை. என் பாவத்தின் அளவு எப்படித்தான் அவர்களுக்குத் தெரிந்ததோ. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை, ஆற வேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஊரில் உள்ளே வந்து உட்கார்ந்து பார்த்த ஒரே பெரிய ஆள், உள்ளூர்த் தனியார் பள்ளியில் கணக்கு எடுத்த இந்த டீச்சர்தான்.

பார்த்துவிட்டு ஏசவும் செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நான் செய்கிற துரோகம். சனிக்கிழமைதோறும் வந்தார், ஒவ்வொரு கேமாக எடுத்தார், முடிகிற மட்டும் ஆடினார், பிறகு தீர்ப்புச் சொன்னார். கார் பந்தயம்தான் முதலில் மாட்டியது. “ரோட்டுல ஒரு மாடு குறுக்க வரல்ல. பஸ்ஸுக்குக் கை காட்ட ஒரு ஆளு இல்ல. ஆளில்லாத ஊருல வேகமாப் போறதுல என்ன சாமர்த்தியம் கெடக்கு?” என்றார். சண்டை கேமில் ஆண்களுக்குத் தோளில் கவசம், முழங்காலில் கவசம். பெண்ணுக்கு மட்டும் கைக்குட்டை அளவுத் துணி. “இவளுக்கு மட்டும் துணி தட்டிப்போச்சாக்கும்” என்று சொல்லிவிட்டு, அவளையே தேர்ந்தெடுத்து அத்தனை ஆண்களையும் அடித்துப் போட்டார். பேய் கேமை இருட்டறையில் நடுங்கிக்கொண்டே ஆடி முடித்தார். முடித்தபின், லைட்டைப் போட்டால் கதையே இல்லை, இதை உண்டாக்கினவன் இருட்டை விற்றுப் பிழைக்கிறான் என்றார். கால்பந்து கேமுக்கு மட்டும் நல்ல பெயர் கிடைத்தது. அதில் பாஸ் கொடுக்காதவன் தோற்பான். அதிலும், பின்னால் கூட்டத்தில் ஒரே ஆளை நூறு இடத்தில் உட்கார வைத்திருக்கிறான் என்று கண்டுபிடித்துவிட்டார்.

அவருடைய முழுக் கோபமும் விவசாய கேமின் மேல்தான். பச்சைப் பசேலென்று அழகான கேம். மண்ணைக் கொத்தி, விதை போட்டு, பூவாளியால் தண்ணீர் ஊற்றினால் சில நாளில் விளைந்து நிற்கும். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் அதற்காகவே வருவார்கள். டீச்சரின் அப்பாவுக்குக் கால்வாயின் கடைக்கோடியில் கொஞ்சம் வயல் உண்டு. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்தால் மேலே இருப்பவர்கள் எல்லாம் எடுத்து, மிச்சம் இருந்தால்தான் அங்கே ஈரம். அப்பாவும் மண்வெட்டியும் மடையில் விழித்துக் கிடந்த இரவுகளை அவர் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர். “மேல ஒருத்தன் மடைய அடைக்கல்ல, கீழ ஒருத்தன் வந்து சண்டைக்கு நிக்கல்ல. தண்ணிக்கு ஏச்சு வாங்காத விவசாயமா அண்ணாச்சி? இத உண்டாக்கினவன் சோறு தின்னுவான், நெல்லு பாத்திருக்க மாட்டான்.” நான் அந்த கேமுக்காக வாதாடினேன். கஷ்டத்தை மறக்கத்தானே மனுஷன் விளையாட வருகிறான் என்றேன். மறக்கலாம், ஆனால் பொய் சொல்லக் கூடாது என்றார். இதில் நாங்கள் இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

அடுத்தது துப்பாக்கி கேம். கடையில் அதிகம் ஓடியது அதுதான். மண் நிறக் கட்டடங்கள், அரபி எழுத்தில் கடைப் பலகைகள், அந்தத் தெருவில் யார் எட்டிப்பார்த்தாலும் சுட வேண்டும். டீச்சர் திரையைப் பார்த்தபடியே, “நீங்க இது மாதிரி ஊருலதான இருந்திய? இவங்க எல்லாம் யாரு அண்ணாச்சி?” என்று கேட்டார். நான் அப்படிப்பட்ட தெருவில் வருடக்கணக்காக இருந்தவன். சம்பளம் வராத மாதங்களில் அந்த மாதிரி ஒரு பலகைக்குக் கீழே நின்ற ரொட்டிக்கடைக்காரர்தான் எனக்குக் குப்பூஸ் கொடுத்தார், கணக்கு எழுதாமல். கேமில் அவரைப் போன்ற தாடிக்காரர் ஒருவர் கதவைத் திறந்து வருவார், விழுவார், மறுபடி ஆடினால் மறுபடி விழுவார். அவருக்குப் பெயர் கிடையாது. அந்த சிடியை எடுத்துப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். “எதுக்கு? இருக்கட்டும். ஆனா ஆடுதவன் இது யாருன்னு ஒரு தடவ கேக்கணும்” என்றார். அதற்குப் பிறகு அவர் வகுப்புப் பையன்கள் அந்த கேமை ஆடும்போது, “மக்கா, இது யாருல?” என்று ஒருவனை ஒருவன் கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். கிண்டலாகத்தான் கேட்டார்கள். ஆனாலும் கேட்டார்கள்.

அவருக்குப் பிடித்தது யாரும் சீந்தாத ஒரு கேம். பெட்டிகளைத் தள்ளிச் சரியான இடத்தில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். வெடி கிடையாது, பாட்டு கிடையாது. தோற்றால் ஏன் தோற்றோம் என்று தெரிகிற ஒரே கேம் இதுதான் என்பார்.

கல்யாணமாகாத டீச்சர் கேம் கடையில் ஆண்பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று பள்ளித் தாளாளருக்குப் புகார் போனது. போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தாளாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். பள்ளி ஆண்டுவிழாவில் பட்டிமன்றம் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தமிழ் ஐயா எல்லா அணிக்கும் எழுதிக் கொடுப்பார், டீச்சர்மார் மனப்பாடம் செய்து பேசுவார்கள், வெளியூரிலிருந்து ஒரு வக்கீல் நடுவராக வந்து சிரிப்பு மூட்டுவார். அந்த வருடத் தலைப்பு, வீடியோ கேம் பொழுதுபோக்கா கேடா என்பது. டீச்சர் ‘கேடு’ அணியில் பேச வேண்டும், பேசி ஊர் முன்னால் தன் பெயரைக் கழுவிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வேலை கிடையாது. அந்த வருடம் கடைக்கோடி வயல் காய்ந்து கிடந்தது. வீட்டில் உலை கொதிப்பது அவர் சம்பளத்தில். இதை என்னிடம் சொன்னபோது டீச்சர் அழுவார் என்று நினைத்தேன். “கேடுன்னு பேசச் சொல்லுதாங்க, பேசுதேன். எது கேடுன்னு நான்தான் சொல்லுவேன். ஐயா எழுதித் தந்தது எனக்கு வேண்டாம்” என்றார்.

ஆண்டுவிழா அன்று நான் பள்ளி மைதானத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சுற்றி இருந்தவர்கள் நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். டீச்சர் மேடையேறி கார் பந்தயத்தை ஏசினார், சண்டை கேமை ஏசினார். பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் எழுந்தது. துப்பாக்கி கேமைச் சொல்லும்போது, இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவன் அந்தத் தெருக்களில் வேலை பார்க்கிறான், அவனுக்குச் சோறு போட்டவனைத்தான் உங்கள் பிள்ளை சுடுகிறான் என்றார். விவசாய கேமுக்கு வந்து, மடையில் சண்டை இல்லாத வயல் என்று சொன்னதும் வேட்டி கட்டியவர்கள் எழுந்து நின்று சீட்டியடித்தார்கள். தாளாளர் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

அப்புறம் அவர் மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். “இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? சனிக்கிழமை தோறும் போய் ஆடியிருக்கேன். இனியும் போவேன். இங்க கைதட்டின ஒருத்தராவது ஒரு கேமாவது பாத்திருக்கியளா? பாக்காம ஏசுதது எந்த ஊரு நியாயமாக்கும்?” என்றார். பெட்டி தள்ளுகிற கேமைப் பற்றிச் சொன்னார். அதில் தோற்கிற பிள்ளைக்கு எந்த இடத்தில் பிசகியது என்று தெரிகிறது, நம்முடைய பள்ளியில் தோற்கிற பிள்ளைக்கு முட்டாள் என்ற பட்டம்தான் தெரிகிறது, அப்படியானால் கேடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். தாளாளர் நடுவரைப் பார்த்துக் கண் காட்டினார். நடுவர் மணியை அடித்தார். நேரம் இன்னும் மிச்சம் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். டீச்சர் பேச வாயெடுக்க, மணி நிற்கவே இல்லை.

வெற்றி ‘கேடு’ அணிக்கு, சிறந்த பேச்சாளர் டீச்சர். சிறந்த பேச்சாளருக்குத் தாளாளர் கையால் பொன்னாடை என்று அழைப்பிதழில் முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள், அதனால் தாளாளரே போர்த்த வேண்டியிருந்தது. நனைந்த கோணியைப் போடுகிறவர் போல அதைப் போட்டார். கடைசி வரிசையில் நான் ஒருவனே எழுந்து நின்று, கை வலிக்கத் தட்டினேன்.

திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மாணவர்கள் முன்னால் இனி அந்தக் கடைக்குப் போக மாட்டேன் என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும், எல்லாம் மறந்துவிடலாம் என்றார்களாம். டீச்சர் மைக்கின் முன்னால் போய், “சனிக்கிழமை நான் கடைக்குப் போவேன். நீங்க வாறதா இருந்தா வீட்டுக் கணக்கை முடிச்சிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அங்கே நின்ற பையன்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடையை மூடிவிடுகிறேன், நீங்கள் போய் வேலையைக் கேட்டு வாங்குங்கள் என்று நான் கெஞ்சினேன். “கடைய மூடினா நான் சொன்னது பொய்யாப் போவும். வேல போனதவிட மூதேவித்தனம் அதுதான்” என்று என்னையும் ஏசினார். அந்தச் சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு ஸ்கூட்டர் கடைக்கு நேர் எதிரே வந்து நின்றது.

பட்ட பாடு கொஞ்சமில்லை. ‘கேம் கடை டீச்சர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, முடிவாகியிருந்த ஒரு சம்பந்தம் நின்றுபோனது. இரண்டு பஸ் மாறி, குறைந்த சம்பளத்தில், மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். பிறகு அங்கேயே தலைமையாசிரியை ஆனார், அங்கேயே கல்யாணமும் ஆனது. இங்கே என் கேம் பெட்டிகளுக்கும் காலம் முடிந்தது. இப்போது நான் விற்பது செல்போன் கவர், சார்ஜர். அன்றைக்கு என்னை ஏசிய அம்மமார் இன்று பேரப்பிள்ளை சோறு தின்பதற்குக் கையில் போனைக் கொடுத்துவிட்டு, செல்போன் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்று என்னிடமே வந்து அழுகிறார்கள். அந்தப் போனில் பிள்ளை என்ன பார்க்கிறது என்று கேட்டால், இன்றைக்கும் பதில் கிடையாது. நானும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் டீச்சர் கடைக்கு வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என் போனை வாங்கி, இப்போது எல்லோரும் ஆடுகிற ஒரு கேமைத் திறந்து கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார். ஒரு கட்டம் தாண்டினால் காசு கேட்டது, தாண்டாவிட்டாலும் கேட்டது. “இது கேம் இல்ல அண்ணாச்சி, நடைக்கு நடை உண்டியல் வச்சிருக்கான்” என்று திருப்பித் தந்தார். எனக்கு அந்தக் குரலைக் கேட்டதும் மனம் நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் கேட்கத் தயங்கியதை அன்றைக்குக் கேட்டேன். அன்று மேடையில் பேசியதற்காக எப்போதாவது வருத்தப்பட்டது உண்டா?

“உண்டு” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

“நாலு கேமத்தான் ஏச முடிஞ்சு. அதுக்குள்ள மணிய அடிச்சிட்டான். பேய் கேம் பாக்கி, கால்பந்துல அந்தக் கூட்டம் பாக்கி. எவ்வளவு இருந்து அண்ணாச்சி சொல்லதுக்கு.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். சார்ஜர் வாங்க வந்தவர்கள் வாசலில் நின்று கேட்டார்கள். கடை அடைக்கிற நேரம் வந்தது, நான் எழுந்திருக்கவில்லை.