சில்லுக்கு மேலே ஒரு விரல்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, கிளிநொச்சிச் சந்தைக்கு வெளியே, பின்பக்கம் நன்றாகத் தாழ்த்திய பிக்கப் ஒன்று நின்றது. என்னை அறியாமல் அதன் பின்சில்லுக்கும் மட்கார்டுக்கும் இடையில் விரல்களை விட்டேன். இரண்டு விரல்கள் உள்ளே போயின. "என்ன ஐயா, ஏதும் துலைச்சிட்டியளோ?" என்றார் சாரதி. இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். விரலில் கிறீஸ் மணந்தது. வீடு வரும்வரை கழுவவில்லை.

அந்த மணம் உடையார்கட்டில் இருந்த தவம் அண்ணையின் கராஜுக்குரியது. போர் நின்றிருந்த சமாதான காலம். அங்கே சிறிய வைத்தியசாலையொன்றில் நான் மருந்து கொடுப்பவன். சாரதி இல்லாததால் நோயாளிகளை ஏற்றும் பிக்கப்பையும் நானே ஓட்டினேன். முல்லைத்தீவு மீன் வியாபாரி ஒருவரிடம் வாங்கிய வண்டி. மீன்பெட்டி ஏற்ற வசதியாக அவர் பின்பக்கத்தைத் தாழ்த்தியிருந்தார். ஒவ்வொரு குழியிலும் அச்சு மேலே வந்து இடிக்கும். பிரசவ வலியோடு வந்த ஒரு பெண், "தம்பி, என்னை இறக்கி விடுங்கோ, நான் நடந்து வாறன்" என்றார். அதை நாட்குறிப்பில் எழுதினேன். மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதுகூட என் நாட்குறிப்பில் இருக்கும். மனைவி படித்துக் கொட்டாவி விடுவாள். அந்த வரிக்கு மட்டும் அவள் விடவில்லை.

தவம் அண்ணைக்கு நான் 'டொக்ரர்'. கேலிதான்.

"இந்த வில்தகட்டு ஸ்பிரிங்கைக் கழட்டிப்போட்டுக் காரின்ர சுருள் ஸ்பிரிங் போடலாம் டொக்ரர். மெத்தை மாதிரி இருக்கும். ஆனா தகடுதான் அச்சையும் பிடிச்சு வைச்சிருக்கு. அதுக்குப் பதிலா குழாய் வெல்ட் பண்ணி ஒட்டவேணும்."

"ஒட்டுங்கோ அண்ணை."

"ஆக்களை ஏத்தலாம். பாரம் ஏத்தேலாது. பிறகு என்னைப் பேசப்படாது."

"நான் என்ன, நெல்லு மூட்டையே ஏத்தப்போறன்?"

ஒன்பது நாள் வேலை. பழைய காரொன்றின் சுருள் ஸ்பிரிங் இரண்டு, அச்சைப் பிடிக்க நான்கு இரும்புக் குழாய்கள். ஜெனரேற்றர் இரைய இரைய ஒட்டி முடித்தவர், சில்லுக்கு மேலே விரல்களை விட்டார்: வெறும் வண்டிக்கு நான்கு விரல் போனது; ஐந்து பேர் ஏறினால் இரண்டு. "ஒரு விரலாவது போகவேணும். போகாட்டி வெளிக்கிடாதேங்கோ, குழாய் முறிஞ்சிடும்." நான் அடிமட்டம் எடுத்து மில்லிமீற்றரில் அளக்கப் போனேன். விழுந்து விழுந்து சிரித்தார். நாட்குறிப்பில் விரலென்றே எழுதினேன்.

அதன்பின் அந்தப் பிக்கப்பில் வந்த நோயாளி யாரும் நடந்து வருகிறேன் என்று சொன்னதில்லை.

2009 தொடக்கத்தில் உடையார்கட்டை விட்டு வெளிக்கிட்டோம். ஷெல் விழுந்துகொண்டிருந்தது. வண்டியில் ஒன்பது நோயாளிகள், ஏழு மருந்துப் பெட்டிகள். தெருவில் நடந்துகொண்டிருந்த தவம் அண்ணையையும் ஏற்றினேன். பின்பலகையில் இருந்தபடியே அவர் குனிந்து விரல் விட்டுப் பார்த்தார். ஒன்றும் போகவில்லை.

"டொக்ரர், ரெண்டு பெட்டியை இறக்குவம்."

"ஏலாது அண்ணை. எல்லாம் எண்ணி ஏத்தினது."

என்னைச் சற்றுப் பார்த்தார். இறங்கினார். மறுபடி விரல் விட்டார்.

"இப்ப ஒண்டு போகுது. நீங்கள் போங்கோ, நான் பின்னால நடந்து வாறன்."

குழாய் முறியவில்லை. அவர் வரவில்லை. போர் முடிந்தபின் எங்களை வைத்திருந்த அகதி முகாமில் ஒவ்வொரு கூடாரமாகக் கேட்டேன். அவர் இறங்கியதற்குப் பிறகு கண்டவர் யாருமில்லை. ஏழு பெட்டிகளில் இரண்டை நாங்கள் திறக்கவே இல்லை.

நாங்கள் முள்ளிவாய்க்கால் போய்ச் சேரும் முன்பே பிக்கப் எரிந்தது. கராஜ் இருந்த இடத்தில் இப்போது புல். பிக்கப்பிலிருந்து கழற்றி அதற்குப் பின்னால் போட்ட வில்தகடுகளையும் பழைய இரும்பு சேர்ப்பவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். நாட்குறிப்பு மட்டும் என்னோடு வந்தது. அந்த நாளுக்கு அதில் ஒரே வரி: 'பின்பக்க இடைவெளி, ஒரு விரல்.'

யாருடைய விரல் என்று நான் எழுதவில்லை.