ட்ரொம்சோவுக்கு இரண்டு ஜாக்கெட்டுகள்

என் தோழி செல்வியை நாடில்லாதவளாக ஆக்கியது இந்த மலேசிய நாடுதான். அவள் சுங்கை பாக்காப்பில் பிறந்தாள், அங்கேயே தமிழ்ப்பள்ளியில் படித்தாள், இப்போது பிறையில் ஒரு உறைமீன் கிடங்கில் வேலை செய்கிறாள். அப்பாவிடம் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இருந்தது. அம்மாவிடம் எதுவுமே இல்லை. இருவரும் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கு அம்மாவின் நிலைதான். அதனால் மகளுக்குக் கிடைத்தது சிவப்பு அட்டை. இங்கே தங்கலாம், உழைக்கலாம். குடியுரிமை கிடையாது, கடவுச்சீட்டும் கிடையாது.

ஒரு பயணப் பதிவு இப்படித் தொடங்கக் கூடாதுதான். நார்வேக்கு என்ன எடுத்துப் போவது என்று தேடித்தான் இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பீர்கள். எல்லாம் சொல்கிறேன். ஆனால் எங்கள் இருவரில் ஒருத்திக்கு முதல் தேவை ஜாக்கெட் இல்லை.

நானும் செல்வியும் பாகான் டாலாமில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வடதுருவ ஒளியைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. இரண்டு வருடமாக அவள் கைப்பேசித் திரையில் அந்தப் பச்சை வானம்தான் இருக்கிறது. குடியுரிமைக்கு அவள் கொடுத்த மனு சீக்கிரம் முடிந்துவிடும் என்று பதிவு இலாகா கவுண்டரில் ஒருவர் சொன்னதும் பிப்ரவரி பயணத்தைத் திட்டமிட்டோம். ஜனவரி முடிவதற்குள் பதில் வந்தால் இருவரும் போகலாம். என் விமானச் சீட்டை மட்டும் முதலில் எடுத்தேன். பினாங்கிலிருந்து கோலாலம்பூர், டோஹா, ஒஸ்லோ வழியாக ட்ரொம்சோ, போய்வர 4,650 வெள்ளி, அதாவது ரிங்கிட். கொஞ்சம் அதிகம் கொடுத்துத் தேதி மாற்றக்கூடிய சீட்டாக எடுத்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

குளிர் உடைகளைப் பேரங்காடியில் வாங்காதீர்கள். ஜார்ஜ் டவுனில் பண்டல் கடைகள் இருக்கின்றன. ஜப்பான், கொரியாவிலிருந்து மூட்டையாக வரும் பழைய துணிகளை விற்பவை. ஒரு ஞாயிறு காலை ஃபெரியில் கடலைத் தாண்டி, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சாப்பிட்டுவிட்டுத் தேடப் போனோம். நல்ல வெயில். நான் ஒரு நீல ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தபோதே வியர்வை முழங்கையில் சொட்டியது.

"எங்க தங்கச்சி, கேமரன் மலைக்கா?" என்றார் கடைக்கார அண்ணன்.

"நார்வேக்குண்ணே."

"அங்க இப்ப பகலே இல்லியாம் லா. இருட்ட பாக்கவா இவ்ளோ தூரம் போறீங்க?"

"இருட்டுலதாண்ணே அது தெரியும்," என்றாள் செல்வி.

அவர் சிரித்து இரண்டையும் எண்பது வெள்ளிக்குக் கொடுத்தார். செல்வி எடுத்தது கருஞ்சிவப்பு. அதன் பைக்குள் கசங்கிய சீட்டு ஒன்று இருந்தது, ஜப்பானிய எழுத்துகளும் பனிச்சறுக்கும் ஒரு மனிதனின் படமும். திரும்பி வரும்போது ஃபெரியின் ஓரத்தில் நின்று அதைக் காற்றில் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இந்தச் சட்ட பனிய பாத்துருச்சி. நாந்தான் இன்னும் பாக்கல."

வாங்கியதைச் சோதிக்க இடம் வேண்டுமே. எங்கள் ஊரில் குளிர் என்பது பேருந்தின் ஏர்கான். செல்விதான் அவளுடைய கிடங்கைச் சொன்னாள். உள்ளே மைனஸ் பதினெட்டு. ட்ரொம்சோவின் சாதாரண பிப்ரவரி நாளைவிட மோசம். சூப்பர்வைசர் கால் மணி நேரம் அனுமதித்தார். கூடவே இருக்க வேண்டும் என்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மணியம் அண்ணனை அனுப்பினார்.

"என்னாம்மா, நார்வே இங்கியே வந்துருச்சா? டிக்கெட் காசு மிச்சம் லா!"

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விரல் நுனிகள் என்னுடையவை இல்லாமல் போயின. பாடங்கள் இவை: உள்ளுடை பருத்தியாக இருக்கக் கூடாது, கம்பளி வேண்டும். கையுறை இரண்டு அடுக்கு. கைப்பேசியை உடம்போடு ஒட்டி வையுங்கள். ஜாக்கெட்டின் வெளிப்பையில் வைத்திருந்த என் கைப்பேசி அறுபது சதவீதத்திலேயே செத்துப்போனது. இன்னொன்றையும் அங்கேதான் பார்த்தேன். கம்பெனி ஜாக்கெட்டுகளை மூன்று ஷிப்ட் ஆட்களும் மாறி மாறிப் போடுகிறார்கள். முதல் ஷிப்டின் வியர்வை மூன்றாம் ஷிப்டில் உறைகிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் செல்வி தினமும் இறால் பெட்டி அடுக்குகிறாள். எண்பது வெள்ளிச் சட்டைகள் அதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

"அண்ணே, லைட்ட கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க," என்றாள் செல்வி.

"ரெண்டே நிமிசம். பெரியவரு பாத்தா நம்ம கத முடிஞ்சிரும்."

விளக்குகள் அணைந்தன. வாசலுக்கு மேல் இருந்த வெளியேறும் வழிப் பலகை மட்டும் பச்சையாக எரிந்தது. மணியம் அண்ணன் கதவைக் கொஞ்சம் திறந்தார். வெளியிலிருந்து பினாங்கின் ஈரக்காற்று உள்ளே புகுந்து, குளிரில் பட்டதும் வெண்புகையாகி மேலே ஏறியது. அந்தப் புகையில் பச்சை வெளிச்சம் படர்ந்தது. திரை போல மடிந்தது, நீண்டது, பெட்டிகளின் உறைபனி மேல் வழிந்து மறுபடி எழுந்தது. மீன் வாடைகூட எங்கோ போய்விட்டது. எங்கள் மூச்சும் அந்தப் பச்சையில் கலந்து மிதந்தது. கிடங்கின் கூரையையே காணோம்.

செல்வி என் கையுறையைப் பிடித்தாள்.

"நா பாத்துட்டேன்டீ. நீ போய்ட்டு வா. இதே மாதிரி இருந்துச்சான்னு மட்டும் சொல்லு."

"நீயும் வர்ற. வாய மூடு."

மணியம் அண்ணன் விளக்கைப் போட்டார். அவர் எங்கள் பக்கம் பார்க்காமல் ஃபோர்க்லிஃப்டின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நார்வே போகிறவர்களுக்கு மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மலேசியக் கடவுச்சீட்டுக்குத் தொண்ணூறு நாள் வரை விசா வேண்டாம். விதிகள் மாறலாம், கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள். கடவுச்சீட்டு காலாவதியாக ஆறு மாதமாவது மிச்சமிருக்கட்டும். ஒளி செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை தெரியும், மேகம் ஒத்துழைத்தால். சமையலறை உள்ள அறையாக எடுங்கள், வெளியே சாப்பிட்டால் கட்டுபடியாகாது. சம்பல் மிளகாய் விழுது டப்பாவைக் கைப்பையில் வைக்காதீர்கள், பிடுங்கிவிடுவார்கள். எனக்கு அந்த நாடு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. நான் அதற்காக எதுவும் செய்ததில்லை. என் அப்பா அம்மா கல்யாணத்தைப் பதிவு செய்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஜனவரி கடைசி வாரம் இருவரும் பதிவு இலாகா அலுவலகத்துக்குப் போனோம். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கவுண்டரில் இருந்தவர் மோசமானவர் இல்லை, களைத்திருந்தார். கணினியைப் பார்த்துவிட்டு, "துங்கு," என்றார். காத்திருங்கள் என்று அர்த்தம். செல்வி தலையாட்டிவிட்டு எழுந்துவிட்டாள். அவளுக்கு அந்தச் சொல் பழக்கம்.

அன்று மாலையே என் சீட்டை நவம்பருக்கு மாற்றினேன். இரண்டு ஜாக்கெட்டுகளும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. சிவப்புச் சட்டையின் பையில் யாரோ ஒருவருடைய பனி இன்னும் இருக்கிறது.

ஆனால் அன்று கவுண்டர் முன்னே இருந்த அந்த நாற்காலியிலிருந்து செல்வி எழுந்த பிறகும் நான் எழவில்லை. மலாயில் கேட்டேன்: "இவள் இங்கே பிறந்தாள் என்று உங்கள் கணினியிலேயே இருக்கிறது. இந்த நாட்டுக்காரி இல்லை என்றால் எந்த நாட்டுக்காரி?"

அவர் செல்வியைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அடுத்த எண்ணை அழைக்கும் பொத்தானில் அவர் விரல் போய் நின்றது.

"நாட்டின் பெயரை மட்டும் சொல்லுங்கள் ஐயா. ஒரே ஒரு பெயர்."