தம்பிக்கு எடுத்த சொக்லேட்

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், மொன்றியலில் மகளின் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு சொக்லேட் தொழிற்சாலை பார்க்கப் போனேன். துணைக்குப் போன தாய்மாரில் நானும் ஒருத்தி. மனம் எதிலும் ஒட்டவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் ஊரில் ஷெல் விழுந்து என் தம்பி செத்துப்போன செய்தி வந்திருந்தது.

சுற்றிக் காட்டிய பெண் எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு சொக்லேட் தந்தாள். பிள்ளைகள் உடனே வாயில் போட்டார்கள். நான் என்னையறியாமல் அதைக் கடதாசியில் சுற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எந்த இனிப்புத் தந்தாலும் அப்படித்தான் தம்பிக்குக் கொண்டுபோவேன். வெயிலில் வீடு போய்ச் சேருவதற்குள் உருகிவிடும். அவன் கடதாசியை நக்கி முடித்துவிட்டு, "அக்கா, கையையும் காட்டு" என்பான்.

அந்தப் பெண் என்னைக் கவனித்துவிட்டாள். பிரெஞ்சில் ஏதோ கேட்டாள்.

"ஆருக்கு எண்டு கேக்கிறா அம்மா" என்றாள் மகள்.

"தம்பிக்கு எண்டு சொல்லு."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அப்படியே சொன்னாள். அந்தப் பெண் சிரித்தபடி இன்னொரு துண்டை என் கையில் வைத்தாள்.

"இதையும் மாமாவுக்குக் குடுக்கட்டாம்" என்றாள் மகள், மெல்ல.

பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் கையை விரித்தேன். உள்ளங்கை முழுக்கச் சொக்லேட். மகள் துடைக்க வந்தாள்.

"துடைக்காதை பிள்ளை. கொஞ்சம் இருக்கட்டும்."

அவன் இல்லை என்று தொலைபேசியில் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. கையைக் காட்டச் சொல்ல ஆளில்லாமல் அந்த பஸ்ஸில் இருந்தபோதுதான் விளங்கியது.