அண்ணாவின் போத்தல்

இன்று நியூ லின்னிலிருந்து ரயிலில் வீட்டுக்கு வரும்போது, ஜப்பான் சுற்றிவிட்டு வந்த மகள் போனில் படம் காட்டினாள். டோக்கியோவில் ஒரு பழைய சந்து. ஆறு பேர் மட்டும் இருக்கக்கூடிய குட்டிக் குட்டி பார்கள்.

"சோ க்யூட், அப்பா!"

நான் போனைப் பறித்து, பின்னால் தெரிந்த போத்தல் அலமாரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

எண்பதுகளில் நானும் அங்கே போனேன். டோக்கியோவில் இருந்த அண்ணாவின் கடிதங்கள் திடீரென்று நின்றுபோன வருடம். விரி என்ற இடத்தில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் கெஞ்சி லீவு வாங்கிப் பறந்து, கடிதங்களில் அவர் எழுதியிருந்த அந்தச் சந்தில் கதவு கதவாக அவருடைய போட்டோவை நீட்டினேன்.

ஒரு பார்க்கார அம்மா போட்டோவைப் பார்த்ததும் பாதி விஸ்கிப் போத்தலை எடுத்து வைத்தார். கழுத்தில் தொங்கிய அட்டையில் அண்ணாவின் பெயர், அவருடைய கையெழுத்தில், தமிழில். மிச்சத்தை அடுத்த முறை வந்து குடிப்பதற்காகப் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம்.

"இதையெண்டாலும் எனக்குத் தாங்கோ அம்மா" என்று தமிழிலேயே அழுதேன். அவர் தரவில்லை. ஆள் வருவார் என்பதுபோல் கதவைக் காட்டினார். அட்டையின் பின்பக்கத்தில் இன்றும் நாங்கள் இருக்கும் ஏவன்டேல் வீட்டு விலாசத்தை எழுதிவிட்டு வந்தேன்.

"பிள்ளை, நீ போன இடத்திலை போத்தலுகளிலை அட்டை தொங்கினதோ?"

"டோன்ட் நோ, அப்பா. இந்த ஒழுகுற டேம்ப் வீட்டிலயிருந்து எப்ப மூவ் பண்ணப் போறீங்க?"

ஒழுகும் கூரைக்கு வாளி வைக்கலாம். அட்டையில் இருக்கும் விலாசத்தை யார் போய் மாற்றுவது, சொல்லுங்கள்?