தராசுக்கு ஆகாத காற்று

மதியம் மூன்று பத்துக்கு மேனேஜர் அனந்தகிருஷ்ணன் போன் செய்தார். 2006 ஜூலை, புதன்கிழமை. நான் ஸ்டோருக்குச் சாமான் வாங்க துபாய் போயிருந்தேன்.

"உஸைர், பழனிச்சாமி போயிட்டான்ப்பா. பட்டறை ரூம்லயே. தோட்டா எத்தனை முடிச்சிருந்தான்னு தெரியுமா உனக்கு?"

நடுவில் அவர் மூச்சுக்கூட விடவில்லை.

பழனிச்சாமி தாராபுரத்துக்காரர். கோயம்புத்தூர் லேத் பட்டறையில் பதினோரு வருடம் இருந்துவிட்டு, அல் ஐனுக்கு வெளியே எங்கள் அரபு முதலாளி, அர்பாபின் சொந்தத் துப்பாக்கி மைதானத்தைக் கூட்டிப் பெருக்க வந்தவர். அர்பாப் முந்நூறு மீட்டர் தள்ளி ஒரு காகிதத்தை நிறுத்திச் சுடுவார். கடைத் தோட்டாவில் வெடிமருந்து ஒன்றில் துளி கூடும், ஒன்றில் குறையும், குண்டுகள் சிதறும். பழனிச்சாமி, சுட்டு விழுந்த பித்தளைக் கூடுகளைத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் மருந்தைத் தனித்தனியாக நிறுத்துப் போட்டுக் கொடுத்தார். ஐந்து ஓட்டைகளும் ஒரு திர்ஹம் காசுக்குள் அடங்கின. அர்பாப் அந்தக் காகிதத்துக்குச் சட்டம் போட்டு, விருந்தினர் உட்காரும் மஜ்லிஸில் மாட்டினார். தோட்டா செய்தவர் பெயர் அவருக்குத் தெரியாது.

பட்டறை என்பது தகர அறை. ஏசி ஓடினால் தராசு முள் நிற்காது. அதனால் நிறுக்கும்போதெல்லாம் ஏசியை நிறுத்தி, கதவையும் சாத்திவிடுவார்.

"ஏண்ணே, செத்துப் போவீங்கண்ணே" என்பேன்.

"எனக்கு ஏசி வேணுமுங்க பாய். இந்தத் தராசுக்குத்தான் ஆகாது. பெரிய ஊட்டுப் பொண்ணாட்ட, காத்துப் பட்டாலே நடுங்குது."

தராசை மூட ஒரு கண்ணாடிக் கூண்டு போதும். மூன்று முறை சீட்டு எழுதி அனுப்பினேன். "கண்ணாடிப் பெட்டியா? மீன் வளக்கப் போறானா?" என்று சிரித்தார் மேனேஜர். மருந்தை நிறுக்காமல் கரண்டியால் அளந்து போடவும் சொன்னார். பழனிச்சாமி கேட்கவில்லை. "காயிதத்துல தெரிஞ்சுருமுங்க" என்றார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அர்பாபுக்கும் நண்பர்களுக்கும் பந்தயம். இருநூறு தோட்டா வேண்டும். கோடையில் அரசாங்கம் போடும் மதிய வேலைத் தடை வெயிலில் நிற்பவர்களுக்குத்தான், தகர அறைக்கு இல்லை. காலை ஏழிலிருந்து அந்தக் கதவு சாத்தியே இருந்திருக்கிறது.

மறுநாள் மேனேஜர் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். யாரும் சொல்லாமல் பழனிச்சாமியே ஏசியை நிறுத்திக்கொண்டார் என்று எழுதியிருந்தது. சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் மேலிடத்துக்குப் போனால் அவர் மனைவி சீதாலட்சுமிக்குக் கம்பெனியிலிருந்து எதுவும் வராது.

"மூணு சீட்டு எழுதினதையும் சேத்துக்கலாமா சார்?"

"எந்தச் சீட்டு? உன் விசாவுக்கும் அதே அர்பாப்தான் கஃபீல், உஸைர். அவன்தானே நிறுத்தினான்? பொய்யா எழுதச் சொல்றேன்?"

பொய் ஒன்றும் இல்லை. போட்டேன். பேனாவை வாங்கி மூடி, சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "கலாஸ், முடிஞ்சுது. டீ சாப்பிடறியா?" என்றார். அதையும் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை பந்தயம் நடந்தது. முடிந்திருந்த தோட்டாக்களே போதுமாயிருந்தன. அர்பாப் ஜெயித்தார்.

சனிக்கிழமை பட்டறையைப் பூட்டப் போனேன். மேசையில் நாற்பத்தொரு கூடுகள் நிமிர்ந்து நின்றன. மருந்து நிறுத்துப் போட்டாகிவிட்டது. குண்டு மட்டும் பொருத்தவில்லை.