அரைக் காற்றில் ஓடிய கார்

இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். பேய், ஆவி என்று பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான்; களஞ்சியப் பொறுப்பாளனாக வேலை பார்த்தவன், கண்ணால் பார்க்காத பொருளுக்கு ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் தவராசாவும் அரேபியப் பாலைவனத்தில், எண்ணெய் தேடுகிற ஒரு குழுவின் முகாமில் இருந்தோம். நான் களஞ்சியம், அவன் சாரதி. சோற்றில் மணல், தலையணையில் மணல், தண்ணீர் பவுசர் வராத நாளில் முகம் கழுவவும் மணல்தான் என்று பகிடி விடுவான். வெள்ளிக்கிழமை விடுமுறை. பிக்கப்பில் தண்ணீர்க் கானும் ரொட்டியும் ஏற்றிக்கொண்டு போய் மணல்மேடு ஏறுவோம், உச்சியிலிருந்து அட்டைப் பெட்டியில் சறுக்குவோம், உடும்பைத் துரத்துவோம், பொழுது சாய்ந்தால் குழி தோண்டி நெருப்பு மூட்டித் தேநீர் வைப்போம். மேட்டுக்கு முன்னால் அவன் வண்டியை நிறுத்தி, நான்கு டயர்களின் வால்வு மூடிகளையும் கழற்றிப் பொனட்டின் மேல் வரிசையாக வைப்பான். நெருப்புக்குச்சியால் வால்வை அமுக்கிக் காற்றைப் பாதியாக இறக்குவான். காற்றுக் குறைந்த டயர் பரந்து, மணலில் புதையாமல் போகும். அளவுக் கருவியைத் தொடவே மாட்டான். குதிக்காலால் ஓர் உதை, அவ்வளவுதான். பிறகு நான் அளந்து பார்ப்பேன். நான்கும் ஒன்றாக இருக்கும்.

“மணல் மாமி மாதிரி, அண்ணை. விறைச்சுக்கொண்டு போனா விழுத்திப்போடும். கொஞ்சம் தளந்து போனாத்தான் வழி விடும்.”

“உனக்கு மாமியைப் பற்றி என்ன தெரியும்? கலியாணம் கட்டின கையோட இஞ்ச ஓடி வந்தனீ.”

“அதுதான் அண்ணை, மணலோட பழகிப் பாக்கிறன்.”

ஒருநாள் அடுத்த முகாமுக்குத் தண்ணீர் கொண்டு போனான். மணற்புயல் அடித்தது. வண்டியைக் கண்டுபிடித்தோம், கதவு திறந்தபடி கிடந்தது. அவனைக் கண்டுபிடிக்கவில்லை.

தொண்ணூறுகளில் நானும் என் மனைவியும் லண்டனில், ஹரோவில் இருந்தோம். அவன் மனைவி மலரும் அகதியாக வந்து, கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு கடையில் வேலை செய்தாள். பொட்டை அழிக்கவில்லை. உடலைக் காணாமல் கிரியை செய்ய விடமாட்டேன் என்று நின்றாள், உறவுக்காரர் யார் சொல்லியும் கேட்கவில்லை. பிறகு ஒரு குளிர்காலத்தில் அவளாகவே தொலைபேசியில் சொன்னாள்: “இனி ஏலாது, அண்ணை. அவரை அனுப்பி வைப்பம்.” தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கலாம் என்றார் கோயில் ஐயர். பிள்ளையோ சகோதரமோ இல்லாததால் கொள்ளி வைப்பது நான் என்றாயிற்று.

கிரியைக்கு முதல் நாள் மாலையே மலர் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். காலையில் வெளியே வந்து பார்த்தால், நம்பினால் நம்புங்கள், என் காரின் நான்கு டயர்களிலும் காற்று இறங்கியிருந்தது. முழுதாக இல்லை, பாதி. பொனட் முழுக்க வெள்ளையாக உறைபனி, அதன் மேல் நான்கு மூடிகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றையும் சுற்றிப் பனி வட்டமாக உருகியிருந்தது. காரைச் சுற்றி நிலத்தில் படிந்த பனியில் ஒரு காலடி கிடையாது.

“தெருப் பெடியளின்ர சேட்டை,” என்றாள் என் மனைவி பவானி. “பொலிசுக்குப் போன் அடியுங்கோ.”

தவராசாவின் இந்த வேலையெல்லாம் அவன் கடிதங்களிலிருந்து மலருக்குத் தெரியும். குனிந்து ஒரு டயரை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள்.

“தெருப் பெடியளுக்கு அரைவாசியில நிப்பாட்டத் தெரியுமோ, அக்கா?”

கருவியைக் கொண்டுவந்து அளந்தேன். நான்கும் ஒன்றாக இருந்தன. காற்றடிக்கக் கால்பம்பை எடுத்தேன்.

“வேண்டாம், அண்ணை. இப்பிடியே மெல்லமாப் போவம்.”

சொல்லிவிட்டு, முன்சீட்டுக் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைச் சாத்திவிட்டுப் பின்னால் பவானிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

ஹரோவின் தார் ரோட்டில் மணலில் போவதுபோல ஊர்ந்தேன். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹோர்ன் அடித்தார்கள். “இந்தப் போக்கில கோயிலுக்குப் போய்ச் சேர முதல் எங்களுக்குத்தான் கிரியை நடக்கும்,” என்று பவானி முணுமுணுத்தாள். கார் இடது பக்கம், ஆளில்லாத அந்தச் சீட்டுப் பக்கமே சாய்ந்து சாய்ந்து இழுத்தது, ஸ்டியரிங்கை வலத்துக்குப் பிடித்துப் பிடித்து என் தோள் நொந்துபோயிற்று. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கோயிலின் பின்வளவில் கொள்ளி வைத்தேன். தர்ப்பை எரிய எவ்வளவு நேரம் வேண்டும்? உடனே அடங்கிவிட்டது. மலர் தன் நெற்றியைத் தானே துடைத்துக்கொண்டாள். அழுதது பவானிதான்.

திரும்பும்போது மலர் முன்சீட்டில் ஏறினாள். அதே டயர்கள், அதே அரைக் காற்று, இப்போது அந்தப் பக்கம் ஓர் ஆளும் இருந்தாள். கார் நேராக ஓடியது. ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதைவிட விளங்காதது, சிக்னலில் நின்றபோது மலர் கேட்டது.

“போகேக்க பாரமா இருந்ததோ, அண்ணை?”

“ஓம்,” என்றேன். “நல்ல பாரம்.”

அவள் வெளியே பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

“மெலிஞ்சு போயிருப்பார் எண்டு நினைச்சன்.”